கேட்காமல் வந்த சிப்ஸ், கேட்காமல் போட்ட 207 ரூபாய்

கேள்வி: மகனுக்கு முதல் சம்பளம் வந்த மகிழ்ச்சியில், எங்கள் பகுதியில் திறந்திருக்கும் உயர்தர மெக்சிகோ உணவகம் ஒன்றுக்கு எங்களை அழைத்துப் போனான். நான்கு பேர் சாப்பிட்டதற்கு 2,070 ரூபாய். அதன்மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம் என்று 207 ரூபாய். இரண்டையும் கூட்டி அதற்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி 113 ரூபாய் 85 காசு. உட்கார்ந்தவுடன் அவர்களாகவே கொண்டுவந்து வைத்த சோளச் சிப்ஸுக்கும் சல்சா என்ற தக்காளிச் சட்னிக்கும் 180 ரூபாய் அந்த 2,070-க்குள் இருக்கிறது. பிள்ளை முன்னால் வாக்குவாதம் வேண்டாமென்று கட்டிவிட்டு வந்துவிட்டோம். இது முறைதானா? மூன்று சின்ன டாக்கோவுக்கு (உள்ளே கறியோ காயோ வைத்து மடித்த ரொட்டி) 480 ரூபாய் என்பதும் கொள்ளையாகத் தெரிகிறது.
— வாசகி, காட்பாடி

பதில்: அம்மா, அந்த 207 ரூபாயை நீங்கள் கட்டியிருக்க வேண்டியதே இல்லை. சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. தர மறுப்பவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறை செல்லும் என்று தீர்ப்பளித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்கும் போயிருக்கின்றன. ஆனாலும் மேசையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தேவையான வாக்கியம் ஒன்றுதான்: "சேவைக் கட்டணத்தை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்." மகன் முன்னால் இதைச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சேவைக் கட்டணத்தின் மேலும் வரி ஏறியிருக்கிறது. 207-க்கு 5 சதவீதம் 10 ரூபாய் 35 காசு. ஆக உங்கள் கையைவிட்டுப் போனது 217 ரூபாய் 35 காசு. பரிமாறிய பையன் அன்பாகக் கவனித்தான் என்றால் அவன் கையில் நேராகக் கொடுங்கள். அவனுக்குச் சேர வேண்டியது அவனிடமே சேரும். மெக்சிகோவிலும் 'ப்ரொபினா' என்று சொல்லும் அன்பளிப்பு சாப்பிட்டவரின் விருப்பம்தான்.

சிப்ஸ் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. நம் ஊரில் இலையில் ஊறுகாயும் அப்பளமும் வைத்தால் அது சாப்பாட்டோடு சேர்ந்தது என்றே எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவின் மெக்சிகோ உணவகங்கள் பலவற்றிலும் சிப்ஸும் சல்சாவும் இலவசமாகத்தான் மேசைக்கு வரும். அந்தப் பழக்கத்தை மட்டும் காட்டிவிட்டு விலையைச் சொல்லாமல் பில்லில் ஏற்றுவது நேர்மையல்ல. சாப்பிட்டு முடித்த பிறகு வாதாடுவது கடினம் என்பதால், கிண்ணம் மேசையில் இறங்கும்போதே "இதற்குப் பணம் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

பில் பத்திரமாக இருக்கிறதல்லவா? முதலில் சேவைக் கட்டணத்தைத் திருப்பித் தரும்படி உணவகத்திடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

இனி அந்த 480 ரூபாய். இதில் உடனே உங்கள் பக்கம் நிற்க என்னால் முடியவில்லை. டாக்கோவின் உயிர் அதன் அடியில் இருக்கும் டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டி. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோல் கழன்று போகக் கழுவி, அரைத்து, உருண்டையை வட்டமாக அழுத்திக் கல்லில் சுடுகிறார்கள். அவர்களுடைய 'கொமால்' நம் தோசைக்கல்லுக்கு உறவு. 'மெதாத்தே' நம் அம்மிக்கு உறவு. சுண்ணாம்பு சேர்ந்தால்தான் மாவு ஒட்டிப் பிசையவரும். சோளத்தில் அடைபட்டிருக்கும் நியாசின் சத்தும் உடம்பில் சேரும். வேலை அதிகம்.

அப்படிச் சுட்டதைப் பார்த்தவுடன் தெரியும். விளிம்பு முழு வட்டமாக இராது, அங்கங்கே கருகிய புள்ளி இருக்கும், மடித்தால் வெடிக்காமல் வளையும், மூக்கருகே கொண்டுபோனால் வெந்த சோளத்தோடு லேசான சுண்ணாம்பு வாசம் வரும். அதற்கு 160 ரூபாய் வீதம் கொடுத்தால் எனக்கு வருத்தமில்லை. பாக்கெட்டில் வந்த மைதாச் சப்பாத்தியைச் சூடாக்கிச் சுருட்டிக் கொடுத்துவிட்டு அதே விலை என்றால் நிச்சயம் வருத்தம். ஆகவே ஆர்டர் கொடுக்கும் முன் "டோர்ட்டியா சோளமா, மைதாவா? இங்கேயே சுடுகிறீர்களா?" என்று கேளுங்கள். உண்மையாகச் சுடுகிற கடை இந்தக் கேள்விக்கு மகிழ்ந்து பதில் சொல்லும்.

கேள்வி: நாங்கள் சைவம். பீன்ஸும் சாதமும் மட்டும் வாங்கினால் பயமில்லையே?
— வாசகர், சத்துவாச்சாரி

பதில்: அப்படியே நம்பிவிடாதீர்கள். மெக்சிகோவில் மசித்து வதக்கும் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது பழைய வழக்கம். சிவப்புச் சாதத்தைக் கோழி வேகவைத்த நீரில் சமைப்பதும் உண்டு. இங்குள்ள கடைகள் எண்ணெயே ஊற்றலாம், ஆனாலும் எந்தக் கொழுப்பு, எந்த நீர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சைவத்துக்குத் தனிக் கல் உண்டா என்பதையும் கேளுங்கள். மற்றபடி நீங்கள் அந்நியமாக உணர மாட்டீர்கள். ராஜ்மா, தக்காளி, மிளகாய், மக்காச்சோளம் எல்லாம் நமக்கு வந்து சேர்ந்தது அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான். கொத்தமல்லித் தழையும் எலுமிச்சையும் ஸ்பானியர்களோடு கடல் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தவை. குவாக்காமோலே என்பது வெண்ணெய்ப்பழத்தைப் பச்சை மிளகாய், வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாற்றோடு மசித்தது. நம் வீட்டுத் துவையல் தின்ற நாக்குக்கு அது உடனே பிடித்துவிடும்.

கேள்வி: தண்ணீர் பாட்டிலில் 20 ரூபாய் என்று அச்சிட்டிருக்க, 80 ரூபாய் வாங்கினார்கள். புகார் செய்யலாமா?
— வாசகர், ஆற்காடு

பதில்: இதில் சட்டம் உங்களுக்குத் துணையாக இல்லை. உட்கார வைத்துப் பரிமாறும் உணவகம் பாட்டில் தண்ணீரை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கடைக்காரர் கல்லாவில் கூடுதலாக வாங்கினால் அது வேறு விஷயம், அங்கே புகார் நிற்கும். உணவகத்தில் மூடியைத் திறப்பதற்கு முன்பே "பாட்டில் வேண்டாம், குடிதண்ணீர் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். திறந்த பாட்டிலை யாரும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.