புதர் மூடிய கல்லறைத் தோட்டத்தில் பூட்டனைத் தேடுகிறீர்களா?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் நெருங்க நெருங்க, முன்னோரின் கல்லறையைத் தேடுகிறவர்களின் கேள்விகள் கூடிக்கொண்டே போகும். இந்த முறை நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

பூட்டனார் 1890களில் திருநெல்வேலிப் பக்கம் இறந்தார் என்பது மட்டும் தெரியும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

கல்லறைத் தோட்டத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் சபையின் பதிவேடு, அப்புறம்தான் கல். இப்போது அந்தப் பக்கத்துப் புராட்டஸ்டன்ட் சபைகள் பல சேர்ந்திருக்கும் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானதே 1947 செப்டம்பர் 27இல்தான். அதற்கு முன் நெல்லையில் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்று இரண்டு இங்கிலாந்து மிஷன்கள் இருந்தன. நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன், மதுரையில் அமெரிக்கன் மிஷன். உங்கள் ஊர் எந்த மிஷனின் கீழ் இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அது தெரிந்தால் எந்தச் சேகரத்தின் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) அடக்கப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். சென்னை மாகாணத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல் வந்தது. அதற்கு முந்தைய சாவுக்குப் பெரும்பாலும் சபை ஏட்டைத்தான் நம்ப வேண்டும்.

ஆயரைப் பார்த்த கையோடு, கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளையையும், குழி வெட்டுகிறவரையும் பாருங்கள். எந்தக் குடும்பம் எந்த மூலையில் அடக்கம் செய்யும் என்பது அவர்கள் மனதில் வரைபடமாக இருக்கும். அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. ஏட்டை அடுத்த மாதம்கூடப் பார்க்கலாம், அவர்களை இந்த வாரமே பாருங்கள்.

கல் கிடைத்துவிட்டது. ஆனால் வருடம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ எழுத்துகள்தான் இருக்கின்றன. பாதி தேய்ந்தும் போய்விட்டது.

அவை தமிழ் எண்களாக இருக்கலாம். ‘௲௮௱௬௰௨௵’ என்று வெட்டியிருந்தால் 1862ஆம் வருடம். ௲ என்றால் ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. கடைசியில் வருவது வருடக் குறி. மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳. இந்த ௲, ௱ இல்லாமல் ‘௧௮௬௨’ என்றும் எழுதுவார்கள். ௧ பார்வைக்கு ‘க’ போலவும், ௮ ‘அ’ போலவும் இருப்பதால்தான் பலர் அதைப் பெயரின் முதலெழுத்து என்று நினைத்துவிடுகிறார்கள். சில கற்களில் ‘துந்துபி’ என்று தமிழ் வருடப் பெயர் மட்டும் இருக்கும். அது 60 வருடத்துக்கு ஒரு முறை திரும்பி வருவது. ஆக 1862ஆ, 1922ஆ என்பதை ஏட்டை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தேய்ந்த எழுத்தைப் படிக்க வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். ஒரு முறை உச்சி வெயிலில் வெறும் பலகையாகத் தெரிந்த ஒரு கல்லின் முன் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மறுபடி போய் உட்கார்ந்தேன். வெயில் சாய்ந்து கல்லை உரசிய நேரம் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்’ என்ற வரி ஒவ்வொரு எழுத்தாக நிழலில் எழுந்து வந்தது. ‘ள்’ஐப் பார்த்த பிறகுதான் அது ஒரு பெண்ணின் கல்லறை என்றே தெரிந்தது. மாலை வரை காத்திருக்க முடியாதென்றால், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிப் பக்கவாட்டில் அடியுங்கள். கழுவ வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். ஆசிட், பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ் எதுவும் கூடாது. சாக்பீஸ் தேய்ப்பதும் வேண்டாம். நூற்றைம்பது வருட மழை விட்டுவைத்த எழுத்தை ஒரே நாளில் நாம் அழித்துவிடக் கூடாது.

நாங்கள் கத்தோலிக்கர்கள். தாத்தாவின் அப்பா இராயப்பன். பங்கு ஏட்டில் அந்தப் பெயரே இல்லை என்கிறார்கள்.

இருக்கும், ‘பேத்ருஸ்’ என்று இருக்கும். பழைய ஏடுகளைக் குருக்கள் லத்தீனில் எழுதினார்கள். பேதுருவைத்தான் நம் மக்கள் இராயப்பர் என்றார்கள். அதுபோலச் சின்னப்பன் பவுல், அருளப்பன் யோவான், சூசை யோசேப்பு, ஞானப்பிரகாசம் அலோசியுஸ். யாகப்பனும் சந்தியாகுவும் ஒரே பெயர்தான், இரண்டையும் ‘யாக்கோபுஸ்’ என்ற பெயரில் தேடுங்கள். இன்னொன்று, தேதியில் ‘8பிரிஸ்’ என்று கண்டால் ஆகஸ்ட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லத்தீனில் எட்டு ‘ஆக்டோ’, ஆகவே அது அக்டோபர். ‘7பிரிஸ்’ செப்டம்பர். இந்த ஒரு குழப்பத்தால் சரியான பக்கத்தை இரண்டு மாதம் தள்ளித் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு.

ஏட்டில் பெயர் இருக்கிறது, தோட்டத்தில் கல்லே இல்லை. ஜே.சி.பி. வைத்துப் புதரை எடுத்துவிட்டுப் பார்க்கலாமா?

தயவு செய்து வேண்டாம். மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் செங்கல் கட்டுமானம்தான் இப்போது உங்களுக்கு இருக்கும் ஒரே அடையாளம், இயந்திரம் அதைத்தான் முதலில் உடைக்கும். ஏழைகள் பலருக்குக் கல் வைத்திருக்கவே மாட்டார்கள், மரச் சிலுவையோடு சரி. அது கரையானுக்குப் போயிருக்கும்.

பங்கிலோ சேகரத்திலோ அனுமதி வாங்கிக்கொண்டு, மழைக்காலச் செடிகள் காய்ந்த பிறகு, மார்ச் மாதவாக்கில் போங்கள். பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், கையில் கம்பு இருக்கட்டும். கட்டுவிரியனும் கண்ணாடிவிரியனும் இருக்கும் இடம் அது. அரிவாளால் தரைமட்டத்துக்கு வெட்டினால் போதும், வேரைப் பிடுங்காதீர்கள். பல கற்களை அந்த வேர்தான் பிடித்து வைத்திருக்கும். வெட்டிய பிறகு நீளவாக்கில் மண் உள்வாங்கிய பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து, பக்கத்துக் கற்களின் தேதிகளை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். பல தோட்டங்களில் இறந்த வரிசையிலேயே அடக்கம் செய்திருப்பார்கள். உங்கள் ஆள் ஏட்டின்படி 1911 ஜூலையில் இறந்திருந்து, ஒரு கல்லில் மே மாதமும் அடுத்த கல்லில் செப்டம்பரும் இருந்தால், நடுவில் உள்ள பள்ளத்தில் அவர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் குடும்பக் குழியைத் திறந்து மறுபடி அடக்கம் செய்யும் வழக்கமும் உண்டு. அதனால் அதே குடும்பத்தின் புதிய கல்லையும் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், அடியில் சிறிய எழுத்தில் பழைய பெயர் இருக்கலாம்.