டிரம்மர் படத்துக்கு இசையமைக்கலாமா?

கேள்வி: பல வருடங்களாக ராக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். நண்பர் தன் முதல் படத்துக்குப் பின்னணி இசை அமைத்துத் தரச் சொல்கிறார். கீபோர்டு சுமாராகத்தான் வரும், ஹார்மனி (பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கச் சேர்ப்பது) தெரியாது. ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள். ‘தி போலீஸ்’ ராக் குழுவின் டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லண்ட் 1983-இல் இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் ‘ரம்பிள் ஃபிஷ்’ படத்துக்கு இசையமைத்தார். நேரம் கரைந்துகொண்டே இருக்கிறது என்ற உணர்வு படம் முழுக்க வேண்டும் என்பது இயக்குநரின் ஆசை. அதற்கு ஒரு டிரம்மரைத் தேடிப் போனது எவ்வளவு பொருத்தம்! தெரு ஓசைகளைக்கூட கோப்லண்ட் தாளத்துக்குள் கொண்டுவந்தார். அந்த இசை கோல்டன் குளோப் பரிந்துரை வரை போனது. 1987-இல் ‘வால் ஸ்ட்ரீட்’, அப்புறம் ஆபரா (பாடி நடிக்கும் இசை நாடகம்) என்று அவர் பயணம் நீண்டது.

காலக்கணக்கு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. படம் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. 120 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில், ஒரு பீட்டுக்குச் சரியாக 12 ஃபிரேம். கதவு அறைந்து சாத்தப்படும் இடமும் முகம் திரும்பும் இடமும் பீட்டில் வந்து விழும்படி டெம்போவைத் தேர்ந்தெடுப்பது மற்றவர்களைவிட உங்களுக்குச் சுலபம்.

ஹார்மனியைவிட எனக்குக் கவலை தருவது, மேடையில் நிறுத்தாமல் வாசித்துப் பழகிய கை. பாடலில் தாளத்தைப் பிடித்து வைப்பது நீங்கள். படத்தில் அதை எடிட்டரும் நடிகரும் ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். ஒருவர் பதில் சொல்லத் தயங்கும் நேரத்தில் ஹை-ஹாட் (காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் தயக்கம் செத்துவிடும். அதோடு சிம்பலும் ‘சட்’டென்று ஒலிக்கும் ஸ்னேர் டிரம்மும் ‘ச’, ‘ட’ போன்ற ஒலிகளோடு மோதி வசனத்தை மறைக்கும். பேச்சு வரும் இடங்களில் டாம்களை (ஆழ்ந்த ஒலி தரும் டிரம்களை) மேலட்டால், அதாவது மெத்தென்ற தலை உள்ள குச்சியால், மெல்லத் தட்டிப் பாருங்கள், அல்லது ஒன்றுமே வாசிக்காதீர்கள். அப்படி விடுவதற்கு நிஜமாகவே துணிச்சல் வேண்டும்.

ஹார்மனியைப் படிப்படியாகக் கற்றுக்கொள்ளலாம். இப்போதைக்கு நீண்டு ஒலிக்கும் ஒரு அடிஸ்வரமும் அதன் மேல் இரண்டு மூன்று சுரங்களும் போதும். நரம்பு வாத்தியங்கள் கட்டாயம் வேண்டும் என்றால், எழுதத் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொண்டு அவர் பெயரையும் டைட்டிலில் போடச் சொல்லுங்கள்.

முழுப் படத்துக்கும் வாக்குக் கொடுக்கும் முன் நண்பரிடம் இரண்டு காட்சிகள் மட்டும் கேட்டு வாங்குங்கள்: ஒன்று ஓட்டமும் துரத்தலும், இன்னொன்று இருவர் உட்கார்ந்து பேசுவது. இரண்டாவதை முதலில் செய்யுங்கள்.