பழைய பிக்கப்: டிரெய்லரும் இழுக்கணும், பிள்ளைகளும் ஏறணும் (கேள்வி பதில்)

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பழைய ஃபுல் சைஸ் பிக்கப் வாங்கும் முன் கேட்டவை இவை. எஃப்-150, சில்வராடோ, ராம், டண்ட்ரா என்று பெரும்பாலும் 'ஹாஃப் டன்' ரகத்தைச் (ஃபுல் சைஸில் இலகுவானது) சுற்றித்தான் கேள்விகள்.

கேள்வி (டாலஸ்): சார், சாமான் ஏற்றினால் 6,000 பவுண்டு வரும் டிராவல் டிரெய்லர் வைத்திருக்கிறோம். 9,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரம் போட்ட 2018 எஃப்-150 பிளாட்டினம் ஒன்று பார்த்திருக்கிறோம். நானும் மனைவியும் ரெண்டு குழந்தைகளும். தாராளமாகப் போதும்தானே?

பதில்: இழுக்கும், ஆனால் சுமக்காது. 9,000 என்ற எண்ணை மறந்துவிட்டு டிரைவர் கதவைத் திறங்கள். கதவுச் சட்டத்தில் டயர் காற்றழுத்தம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் ஒரு வரி உண்டு. அதுதான் அந்த ட்ரக்கின் பேலோட். டிரெய்லரின் மூக்கு ஹிட்ச் (ட்ரக்கின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் அழுத்தும் பாரமும், அதாவது டங் வெயிட்டும், இந்தக் கணக்கில்தான் கழியும். டிராவல் டிரெய்லருக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம்.

உங்கள் வீட்டுக் கணக்கையே போடலாம். பெரியவர்கள் இருவர் 320, குழந்தைகள் 100, கார் சீட் இரண்டு 50, பாரத்தைப் பகிரும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் 80, பெட்டில் (ட்ரக்கின் பின்னால் திறந்த சாமான் தொட்டியில்) சைக்கிளும் கூலரும் 150, டங் வெயிட் 13 சதவீதம் வைத்தால் 780. மொத்தம் 1,480 பவுண்டு. சன்ரூஃப், தானாக இறங்கும் படி, 4x4 எல்லாம் உள்ள பிளாட்டினத்தில் ஸ்டிக்கர் 1,400 பக்கம் நிற்பது சகஜம். அதே வருடத்து, சொகுசு குறைந்த எக்ஸ்எல்டி ரகம் ஒன்றில் 1,700-ஐத் தாண்டலாம். சொகுசு கூடக் கூட பேலோட் குறையும். ஒரே மாடலில் இரண்டு வண்டிக்குக்கூட எண் மாறும். அதனால் பார்க்கப் போகும் முன்பே விற்பவரிடம் அந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் பெட்ரோல் செலவு செய்து போக வேண்டாம்.

விளம்பர எண் பெரிதாக இருப்பதற்குக் காரணம், அதைக் கணக்கிடும்போது ட்ரக்கில் ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேர். பின் சீட் காலி, பெட்டும் காலி. இன்னொன்று: வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் பாரத்தை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் பகிர்ந்து தரும். ஸ்டிக்கரில் உள்ள வரம்பை அது உயர்த்தாது.

கேள்வி (ராலே): டிரெய்லர் ப்ரோஷரில் 'டிரை வெயிட்' 4,900 என்று இருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். பேட்டரி, கேஸ், தண்ணீர், பாத்திரம், துணிமணி எதுவும் அதில் சேராது. தண்ணீர் மட்டுமே காலனுக்கு 8.3 பவுண்டு. டிரெய்லரில் ஒட்டியிருக்கும் அதிகபட்ச எடையையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அட்லாண்டா): டங் வெயிட் கூடுதல் என்றால் சாமான்களை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளிவிட்டால் சரியாகிவிடாதா?

பதில்: கூடவே கூடாது. மூக்குப் பாரம் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஆட்டம் ஒருமுறை பெருகிவிட்டால் ட்ரக்கையும் சேர்த்துப் புரட்டும். கனமானவற்றை டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வையுங்கள். பேலோட் போதவில்லை என்றால் ட்ரக்கை மாற்றுங்கள், அல்லது டிரெய்லரைச் சிறிதாக்குங்கள்.

கேள்வி (நாஷ்வில்): பின்னால் ஹிட்ச் இருக்கிறது, 'டோ பேக்கேஜ் உண்டு' என்கிறார் டீலர். எப்படி உறுதிசெய்வது?

பதில்: ஹிட்ச் ரிசீவர் (ஹிட்ச்சைச் செருகும் சதுரக் குழாய்) மட்டும் இருந்தால் அது டோ பேக்கேஜ், அதாவது இழுப்பதற்கான முழு ஏற்பாடு, ஆகாது. 7 ஊசி (பின்) பிளக், ஸ்டியரிங் பக்கத்தில் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர், கூடுதல் கூலர், ஆக்ஸில் ரேஷியோ (அச்சின் பல்சக்கர விகிதம், எண் கூடினால் இழுவை கூடும்) நாலும் பாருங்கள். எஃப்-150-ல் 3.15-ஐத் தவிர்த்து 3.55 தேடுங்கள். ராமில் 3.21 வேண்டாம், 3.92 இழுக்கத் தோதானது. 2014 முதல் 2018 வரை வந்த சில்வராடோவில் கிளவ் பாக்ஸ் ஸ்டிக்கரில் குறியீடுகள் இருக்கும்: ஜியு6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, இசட்82 டிரெய்லர் பேக்கேஜ், ஜேஎல்1 பிரேக் கன்ட்ரோலர்.

ரிசீவரிலேயே ஒரு லேபிள் இருக்கும், குனிந்து படியுங்கள். எஃப்-150-ல் வெறும் பால் மவுண்ட் (உருண்டைக் கொண்டி) போட்டால் 5,000 பவுண்டு டிரெய்லர், 500 பவுண்டு டங் வரைதான் என்று போட்டிருக்கும். அதற்கு மேல் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் கட்டாயம்.

கேள்வி (நியூ ஜெர்சி): எந்த எஞ்சின் நல்லது, அண்ணா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: எல்லா எஞ்சினுக்கும் தெரிந்த நோய் ஒன்று இருக்கிறது. பார்க்கிற வண்டிக்கு அது வந்துவிட்டதா, வைத்தியம் நடந்ததா என்பதே கேள்வி. அதற்கு வண்டியைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். போனதும் முதல் வேலையாக பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் 'நாளைக் காலையில் வருகிறேன்' என்று திரும்பிவிடலாம்.

ஃபோர்டு 3.5 ஈகோபூஸ்ட் இழுவையில் கெட்டிக்காரன். 2017 முதல் 2020 வரையிலானவற்றில் இரவு நின்ற வண்டியைக் காலையில் எழுப்பும்போது முன்பக்கம் ஓரிரு நொடி கடகடவென்று சத்தம் கேட்டால் கேம் ஃபேசர் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) போகிறது. மாற்றச் சில ஆயிரம் டாலர் ஆகும். புதிய பாகம் போட்ட ரசீது இருந்தால் அந்த வண்டிக்கு மதிப்பு கூடுதல். 2011, 2012 வண்டிகளில் டைமிங் செயின் நீள்வதும், ஈரமான வானிலையில் இன்டர்கூலரில் தண்ணீர் சேர்ந்து மிஸ்ஃபயர் ஆவதும் உண்டு. 5.0 வி8-ல் டர்போ தொல்லை இல்லை, ஆனால் 2018 முதல் 2020 வரை ஆயில் குடிக்கும் புகார் இருந்தது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். 10 ஸ்பீட் கியர்பாக்ஸை ஊருக்குள் மெதுவாக ஓட்டுங்கள். 3, 4, 5 கியர்களுக்கு நடுவே இடி விழுந்தால் விட்டுவிடுங்கள்.

ஜிஎம் 5.3-ல் பாதி சிலிண்டரை அணைத்து எரிபொருள் மிச்சப்படுத்தும் ஏற்பாடு இருக்கிறது. அதன் லிஃப்டர்கள் (வால்வைத் தூக்கும் பாகங்கள்) சிக்கிக்கொண்டால் டிக் டிக் சத்தம், மிஸ்ஃபயர், கடைசியில் கேம் ஷாஃப்ட்டும் போகும். 8 ஸ்பீட் கியர்பாக்ஸ் வண்டியை லேசாக ஆக்ஸிலேட்டர் தொட்டபடி ஒரே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ரோட்டோர அதிர்வுக் கோட்டின் மேல் போவது போல நடுங்கினால் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பாகம்) கோளாறு. கியர்பாக்ஸ் ஆயிலைப் புதிய வகைக்கு மாற்றினால் பல வண்டிகளில் சரியாகிறது. 6.2 எஞ்சின் என்றால், 2021 முதல் 2024 வரையிலான வண்டிகளுக்கு 2025-ல் எஞ்சின் ரீகால் (கம்பெனியே அழைத்து இலவசமாகச் சரிசெய்வது) வந்தது. அந்த வேலை முடிந்த அத்தாட்சி இல்லாமல் வாங்காதீர்கள்.

ராம் 5.7 ஹெமியின் டிக் சத்தத்தில் இரண்டு வகை. எஞ்சின் சூடானதும் அடங்கினால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் உடைந்தது, தாங்கக்கூடிய செலவு. சூடான பிறகும் தொடர்ந்தால் லிஃப்டராக இருக்கலாம், அது தாங்காது. பின்னால் காயில் ஸ்பிரிங் என்பதால் குடும்பத்துக்கு இதுதான் மிக மென்மையான சவாரி. அதற்கு விலை, பேலோட் பல வண்டிகளில் குறைவு.

டண்ட்ரா 5.7, 2021 வரை வந்தது. உழைக்கும், குடிக்கும். கேம் டவரில் ஆயில் கசிவு பாருங்கள். 2022-லிருந்து வரும் இரட்டை டர்போ எஞ்சினுக்கு, உள்ளே உலோகத் துகள் தங்கிய கோளாறுக்காக ரீகால் உண்டு. எந்த ரீகாலையும் வண்டியின் அடையாள எண்ணான விஐஎன்-ஐப் போட்டு, அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

டாலஸ் குடும்பத்தின் 6,000 பவுண்டு டிரெய்லருக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், கேம் ஃபேசர் மாற்றிய ரசீதோடு வரும் எஃப்-150 எக்ஸ்எல்டி 3.5.

கேள்வி (ஸ்கார்பரோ): அண்ணை, ஒண்டாரியோவில ஓடின 2014 சில்வராடோ ஒண்டு நல்ல விலைக்கு வருகுது. வெளியில பாக்க ஒரு கறலும் இல்லை. எடுக்கலாமோ?

பதில்: கறல் அடியில்தான் குடியிருக்கும். ஸ்பேர் டயருக்கு மேலே ஃபிரேம், லீஃப் ஸ்பிரிங் மாட்டும் கொக்கிகள், பிரேக் குழாய்கள், கதவுக்குக் கீழே ராக்கர், கேபினின் பின் மூலைகள் ஆகிய இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். சின்னச் சுத்தியலால் ஃபிரேமைத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே உளுத்துவிட்டது. விற்பதற்கு முன் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். 2015-லிருந்து எஃப்-150-க்கு உடல் அலுமினியம், ஆனால் ஃபிரேம் இரும்புதான். அதற்கும் இதே சோதனை. இந்தச் சில்வராடோவுக்கு பிரேக் வாக்குவம் பம்ப் ரீகால் முடிந்ததா என்றும் கேளுங்கள். தனியாளிடம் வாங்கினால் யூஸ்டு வெஹிக்கிள் இன்ஃபர்மேஷன் பேக்கேஜ் தர வேண்டியது அவர் கடமை. வண்டி மேல் கடன் இருந்தால் அதில் தெரியும்.

கேள்வி (ஃப்ரீமான்ட்): கைக்குழந்தைக்குப் பின்நோக்கிய சீட், பெரியவளுக்கு முன்நோக்கிய சீட். இடம் போதுமா? கராஜில் நிற்குமா?

பதில்: எஃப்-150-ல் சூப்பர்க்ரூ, சில்வராடோவில் க்ரூ கேப், ராமிலும் க்ரூ கேப், டண்ட்ராவில் க்ரூமேக்ஸ். இந்தப் பெயர்கள் தவிர மற்றவற்றில் பின்நோக்கிய சீட் வைத்தால் முன் சீட்டுக்காரரின் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும். பிக்கப்பில் குழந்தை சீட்டின் மேல் பட்டை மாட்டும் விதம் காரைப் போல இல்லை. பல வண்டிகளில் தலைசாய்ப்புக்குப் பின்னால் இருக்கும் துணி வளையத்துக்குள் நுழைத்து, பக்கத்து இருக்கையின் வளையத்தில் மாட்ட வேண்டும். மேனுவலைப் பார்த்து, டெஸ்ட் டிரைவ் அன்றே சீட்டைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்.

2015 முதல் 2020 வரையிலான சூப்பர்க்ரூ, 5.5 அடி பெட்டோடு 19 அடி 4 அங்குலம், 6.5 அடி பெட்டென்றால் 20 அடி 4 அங்குலம். கராஜை டேப் வைத்து அளந்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் வீட்டு உபயோக பிக்கப்புக்கும் கமர்ஷியல் பிளேட்தான், எடைக் கட்டணம் தனி.

கேள்வி (ஃபீனிக்ஸ்): டிரெய்லர் 8,500 பவுண்டு. முக்கால் டன் டீசல் எடுத்துவிடலாமா?

பதில்: முக்கால் டன் (ஹாஃப் டன்னை விட ஒரு படி கனமான ரகம்) சரி, டீசல் யோசியுங்கள். டீசல் எஞ்சின் பல நூறு பவுண்டு கூடுதல் கனம், அது பேலோடைத்தான் தின்னும். வாரநாளில் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடினால் டிபிஎஃப் வடிகட்டி சூடாகிப் புகைக்கரியை எரிக்க நேரம் கிடைக்காமல் அடைக்கும். சிபி4 ஹை பிரஷர் பம்ப் உள்ள வண்டிகளில் பம்ப் உடைந்தால் உலோகத் தூள் எரிபொருள் பாதை முழுக்கப் பரவி, பில் 10,000 டாலரைத் தொடலாம். மலைப்பாதையில் மாதக்கணக்கில் இழுப்பவருக்கு டீசல். வருடத்துக்கு ஐந்தாறு முறை என்றால் பெட்ரோல் வி8 முக்கால் டன் போதும்.

கேள்வி (டெட்ராய்ட்): மைல் குறைவாகக் காட்டும் வண்டி ஏற்கெனவே அதிகம் உழைத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: டாஷ்போர்டு மெனுவில் எஞ்சின் ஹவர்ஸ் இருக்கும். மைலை அதால் வகுங்கள். 60,000 மைலுக்கு 3,000 மணி என்றால் சராசரி 20 மைல். நின்ற இடத்தில் எஞ்சின் நிறைய ஓடியிருக்கிறது. 30-க்கு மேல் வந்தால் நிம்மதி. பெட்டின் தரையில் துளை அடைத்த தடம் இருந்தால் கூஸ்நெக் அல்லது ஃபிஃப்த் வீல் (பெட்டுக்குள்ளேயே மாட்டும் கனமான டிரெய்லர்) இழுத்த வண்டி.

கேள்வி (டாலஸ், மறுபடி): சரி சார், எக்ஸ்எல்டி வாங்கியாச்சு. கணக்கு சரியா என்று உறுதிசெய்வது எப்படி?

பதில்: ட்ரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் (ஒவ்வொரு அச்சின் எடையையும் சீட்டில் அச்சிட்டுத் தரும் எடை மேடை) இருக்கும். டேங்க் நிரப்பி, எல்லோரும் ஏறி, டிரெய்லரோடு ஒருமுறை நிறுங்கள். ஹிட்ச்சின் ஸ்பிரிங் பார்களை (பாரத்தைப் பகிரும் கம்பிகளை) கழற்றி மறுமுறை. டிரெய்லரைக் கழற்றிவிட்டு ட்ரக் மட்டும் மூன்றாம் முறை. இரண்டாம் எடைச் சீட்டில் ட்ரக்கின் முன் அச்சும் பின் அச்சும் சேர்ந்த எடையிலிருந்து மூன்றாம் சீட்டின் அதே கூட்டுத்தொகையைக் கழித்தால் டங் வெயிட். டிரெய்லர் மாட்டியதும் முன் அச்சு இழந்த பாரத்தில் பாதியாவது முதல் சீட்டில் திரும்பியிருக்க வேண்டும். குறைந்தால் ஸ்பிரிங் பாரை ஒரு சங்கிலிக் கண்ணி இறுக்கி, மறுபடி ஏற்றி நிறுங்கள்.