தீயணைப்பு வீரர்களுக்கான 'புற்றுநோய் அனுமானச் சட்டம்' என்றால் என்ன?

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் தீயணைப்பு வீரர்கள் விடாமல் வலியுறுத்திவரும் சட்டம் இது. வழக்கமாக, இழப்பீடு பெற, நோய் வேலையால்தான் வந்தது என்று தொழிலாளியே நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டம் உள்ள மாநிலத்தில், வீரருக்குக் குறிப்பிட்ட சில புற்றுநோய்கள் வந்தால் வேலையால் வந்ததென்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்று காட்டுவது எதிர்த்தரப்பின், அதாவது வேலை கொடுத்தவர் அல்லது காப்பீட்டு நிறுவனத்தின், பொறுப்பு.

சரி, ஏன் இந்தச் சலுகை? பல வருட மழையில் ஊறிய சுவர் விரிசல் விட்டால், எந்த நாள் மழையால் என்று யாரால் சொல்ல முடியும்? புகையும் அப்படித்தான். எரியும் பிளாஸ்டிக், நுரை மெத்தை என்று இருபது வருடம் சுவாசித்தவரிடம் "எந்தத் தீயால்?" என்று கேட்பது கொடுமை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே 2022இல் தீயணைப்புப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கும் தொழிலாக வகைப்படுத்தியது.

நோய் வந்தாலே இழப்பீடு தானாகக் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை; பல மாநிலங்களில் குறைந்தபட்சப் பணிக்காலம் கேட்பார்கள், வேறு காரணத்தை நிரூபித்து மறுக்கவும் முடியும்.