பிரேக் பேட் மாற்றிய பிறகும் எச்சரிக்கை விளக்கு அணையவில்லையா?

கேள்வி 986 தலைமுறை போர்ஷே பாக்ஸ்டர் கார் பற்றியது: புது பேட் போட்டாயிற்று, பேட் தேய்ந்ததைக் காட்டும் பழைய சென்சாரையே திரும்ப மாட்டினேன், விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, ஏன்?

அந்தச் சென்சாரில் மின்னணு நுட்பம் எதுவும் கிடையாது. பிளாஸ்டிக் முனைக்குள் வளைந்து திரும்பும் ஒரு கம்பி, அவ்வளவுதான். பேட் தேயத் தேய, சுழலும் டிஸ்க் அந்த முனையை உரசிக் கம்பியை அறுத்துவிடுகிறது. சுற்று துண்டிக்கப்பட்டால் விளக்கு எரியும். அறுந்தது தானாக ஒட்டாது. எனவே விளக்கு எரிந்தபின் பேட் மட்டும் மாற்றிப் பயனில்லை.

நான்கு சக்கரங்களிலும் சென்சார் உண்டு. ஒவ்வொன்றையும் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். தொடர்ச்சி (கம்பி அறுபடாமல் மின்சாரம் பாய்வது) காட்டாததுதான் குற்றவாளி. முனையில் உரசல் தடம் இல்லாமல், தொடர்ச்சியும் இருந்தால் மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் இருபது ஆண்டு வெப்பத்தில் வெந்த பிளாஸ்டிக் அப்பளம் போல நொறுங்கும். முனையைப் பேட்டிலிருந்து எடுக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். தலையை மூக்குக் குறடால் பிடித்து மெல்ல அசைத்து எடுங்கள். புதியதை மாட்டும்போது வயரைப் பழைய பிடிப்பான்களிலேயே செருகுங்கள். தொங்கவிட்டால் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயரில் உரசும்.

சென்சாருக்குப் போகும் இரண்டு வயர்களையும் முறுக்கி இணைத்து விளக்கை அணைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். விளக்கு அணையும்தான். அடுத்த முறை பேட் தேய்ந்தால், பேட்டின் இரும்புத் தகடு டிஸ்க்கைச் சுரண்டும் சத்தம்தான் உங்களுக்கு முதல் எச்சரிக்கை. டிஸ்க்கின் விலையோடு ஒப்பிட்டால் சென்சார் விலை ஒன்றுமே இல்லை.