பைக்கின் பக்கப் பெட்டிகளை இக்னிஷன் சாவியாலேயே திறக்க முடியுமா?

அந்தச் சாவி பெட்டிப் பூட்டில் நுழையுமானால், பெரும்பாலும் முடியும். சாவியை மாற்றாமல், அந்தச் சாவிக்கு ஏற்றபடி பெட்டிப் பூட்டின் உள்ளமைப்பை மாற்றுவதுதான் இந்த வேலை.

பூட்டின் நடு உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் சில வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. அது தகட்டுக்குத் தகடு வேறு உயரத்தில் இருக்கும். சரியான சாவி நுழைந்தால் அதன் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் உருளையின் விளிம்போடு சமமாக்கும், உருளை சுழலும். ஒரே ஒரு தகடு துருத்தினாலும் அசையாது. வரிசையில் ஒருவர் மட்டும் காலை நீட்டிக்கொண்டு நின்றால் கதவு மூடாதே, அதுபோலத்தான்.

ஆகவே உருளையைக் கழற்றி, இக்னிஷன் சாவியை நுழைத்துப் பாருங்கள். துருத்தும் தகடுகளை எடுத்து இடம் மாற்றிப் போட்டாலே பல சமயம் பொருந்திவிடும். பொருந்தாததற்குப் பதில், வேறு உயரத்தில் துளை உள்ள தகடு வேண்டும். துருத்தும் தகட்டையே அரத்தால் ராவுபவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, பூட்டு தளர்ந்துவிடும். அப்புறம், தகட்டுக்கு அடியில் இருக்கும் குட்டி ஸ்பிரிங் துள்ளி ஓடினால் தேடித் தீராது. வெள்ளைத் துணி விரித்துச் செய்யுங்கள்.

இதெல்லாம் சாவியின் பக்கவாட்டுப் பள்ளம் பெட்டிப் பூட்டின் துவாரத்தில் நுழைந்தால் மட்டுமே. நுழையாவிட்டால் பூட்டையே மாற்ற வேண்டும்.

பலர் பயப்படுவதுபோல் பெட்டியின் பழைய சாவி வண்டியைக் கிளப்பாது. இக்னிஷன் பூட்டை நாம் தொடவே இல்லை.