இங்கிலாந்தில் டிராவலர் மக்களுக்குப் புதிதாக இடம் ஒதுக்கும்போது, எந்த இடம் பொருத்தம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

உண்மையைச் சொன்னால், எதிர்ப்பு எங்கே குறைவாக வருமோ அங்கேதான் பெரும்பாலும் முடிவாகிறது. தென்கிழக்கு இங்கிலாந்தில் ஒரு மாவட்டக் கவுன்சிலின் பிளானிங் பிரிவில் சில வருடங்கள் இந்த இடம் பார்க்கும் வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் ஊரில் மூன்று இடங்களை வரைபடத்தில் குறித்து, மக்களிடம் கருத்துக் கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எது நல்லது, எதை வைத்துச் சொல்வது என்று கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பின்னணி. டிராவலர் என்று இங்கே சொல்வது, பரம்பரையாக ஊர் ஊராகப் பயணித்து வாழ்ந்த மக்களை. அவர்களில் ரோமானி ஜிப்சிகளும் ஐரிஷ் டிராவலர்களும் இங்கே சட்டப்படி தனி இனக்குழுக்கள். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 71,440 பேர் தங்களை 'ஜிப்சி அல்லது ஐரிஷ் டிராவலர்' என்று பதிவு செய்தார்கள். இவர்களில் நிறைய பேர் இப்போது சாதாரண வீடுகளில்தான் இருக்கிறார்கள். கேரவனில், அதாவது இடம் மாற்றிக் கொண்டுபோகக்கூடிய நடமாடும் வீட்டில், வாழ்பவர்களுக்கு அதைச் சட்டப்படி நிறுத்த ஓர் இடம் வேண்டும், சிக்கல் அங்கேதான். 1968-இல் வந்த கேரவன் சட்டம், இடம் ஏற்படுத்தித் தருவதைக் கவுன்சில்களின் கடமையாக்கியது. 1994-இல் அந்தக் கடமையை எடுத்துவிட்டார்கள். நீங்களே நிலம் வாங்கி, நீங்களே அனுமதி கேளுங்கள் என்றார்கள். அவர்களும் வாங்கினார்கள். மலிவாகக் கிடைத்த நிலம் பெரும்பாலும் கட்டடம் கட்டக் கூடாத கிரீன் பெல்ட்டாக இருந்தது, அனுமதி கிடைக்கவில்லை. 2011 அக்டோபரில் எஸ்ஸெக்ஸில், பேசில்டன் பக்கம் டேல் ஃபார்மில் போலீஸ் வந்து குடும்பங்களை அப்புறப்படுத்தியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது அவர்களே வாங்கிய நிலம்தான்.

2012-இல் டிராவலர் இடங்களுக்கென்று தனிக் கொள்கை வந்தது. பிறகு சில முறை திருத்தியிருக்கிறார்கள். எத்தனை 'பிட்ச்' தேவை என்று கவுன்சில் கணக்கெடுத்து, அடுத்த ஐந்து வருடத்துக்குப் போதுமான இடத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். பிட்ச் என்றால் ஒரு குடும்பத்துக்கான மனை: ஒரு பெரிய கேரவன், பயணத்துக்கு ஒரு சின்ன கேரவன், இரண்டு வண்டி, குளியலறையும் கழிப்பறையும் துணி துவைக்கும் இடமும் கொண்ட ஒரு சிறு கட்டடம். கழிப்பறை ஏன் தனியாக என்று பலர் கேட்பார்கள். சமைக்கும் இடமும் கழிப்பறையும் ஒரே கூரையின் கீழ் இருப்பது பல ரோமானி குடும்பங்களுக்கு ஆகாது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்ததே, அதே சுத்தம் பார்க்கும் பழக்கம்தான்.

சரி, இடத்துக்கு வருவோம். நான் எந்த நிலத்தைப் பார்க்கப் போனாலும் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இங்கே ஒரு சாதாரண வீடு கட்ட அனுமதிப்போமா? சத்தம், நாற்றம், வெள்ளம் என்று சொல்லி வீட்டை மறுப்போம் என்றால், கேரவனை அதைவிடக் கண்டிப்பாக மறுக்க வேண்டும். கேரவனின் சுவர் செங்கல் சுவர் அல்ல; நடுவில் கொஞ்சம் பஞ்சு வைத்த தகடு. இரவில் படுக்கையறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். நெடுஞ்சாலை ஓரத்தில் வீடு கட்டினால் தடித்த சுவரையும் இரட்டைக் கண்ணாடியையும் வைத்துச் சமாளித்துவிடலாம். கேரவனில் அதற்கெல்லாம் வழி குறைவு. ஒருமுறை ஒரு இடத்தைப் பார்க்கப் போனபோது, அங்கே ஏற்கெனவே நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். பக்கத்து மேம்பாலத்தில் லாரி போகும்போதெல்லாம் மேசையில் இருந்த கரண்டி கோப்பையில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. அந்தப் பெண்மணி அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. சத்த அளவு அறிக்கையில் அந்த இடம் 'ஏற்கத்தக்கது' என்றுதான் இருந்தது.

வெள்ளமும் அப்படித்தான். நிரந்தரமாகக் குடியிருக்கும் கேரவனை அரசின் விதிகள் மிக அதிக ஆபத்துள்ள வகையில் சேர்க்கின்றன. காரணம் எளிது: வீட்டில் மாடிக்கு ஓடலாம், கேரவனில் மாடி கிடையாது, தண்ணீர் அதையே தூக்கிக்கொண்டும் போகும். அதிக வெள்ள அபாயம் உள்ள மூன்றாம் மண்டலத்தில் அனுமதியே கிடையாது. உங்கள் மூன்று இடங்களில் ஏதாவது ஆற்றை ஒட்டி இருந்தால் முதல் வேலையாக அரசின் வெள்ள வரைபடத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் சாலை. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சட்டம் 'கேரவன்' என்று ஒப்புக்கொள்ளும் அளவு 20 மீட்டர் நீளம், 6.8 மீட்டர் அகலம் வரை போகும். அவ்வளவு பெரியதை யாரும் இழுத்து வருவதில்லை, லாரியில் இரண்டு பாதியாக வரும். அந்த லாரி உங்கள் ஊர்ச் சந்தின் வளைவில் திரும்புமா? குப்பை வண்டியும் தீயணைப்பு வண்டியும் உள்ளே போய்த் திரும்ப இடம் இருக்கிறதா? தீ பரவாமல் இருக்க கேரவன்களுக்கு நடுவே 6 மீட்டர் இடைவெளி விட வேண்டும். அதனால் வரைபடத்தில் தாராளமாகத் தெரியும் நிலம் தரையில் பாதியாகச் சுருங்கிவிடும். 2008-இல் வந்த அரசு வழிகாட்டி (பிறகு அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், ஆனாலும் நாங்கள் அதைத்தான் புரட்டுவோம்) ஓர் இடத்தில் 15 பிட்சுக்கு மேல் வேண்டாம் என்றது. என்னைக் கேட்டால் அதுவே அதிகம். ஒரே பெரிய குடும்பத்தின் கிளைகள் சேர்ந்து வாழும் ஐந்தாறு பிட்ச்தான் நன்றாக நடக்கிறது.

பள்ளி, ஜிபி (குடும்ப மருத்துவர்), கடை எவ்வளவு தூரம் என்பதையும் கொள்கை பார்க்கச் சொல்கிறது. தூரத்தைவிட நடைபாதை இருக்கிறதா என்பது எனக்கு முக்கியம். ஒரு மைலில் பள்ளி இருந்தும், நடைபாதையும் விளக்கும் இல்லாத சாலை என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு அது பத்து மைல். இன்னொன்று: உயரமான சுவரும் வேலியும் போட்டு, ஊரிலிருந்து ஒதுக்கி வைத்ததுபோல் தோற்றம் வரக் கூடாது என்று கொள்கையிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் கூட்டங்களில் அதிகம் கேட்கும் கோரிக்கையே "உயரமா ஒரு வேலி போட்டுடுங்க" என்பதுதான்.

இவ்வளவு விதி இருந்தும் மேம்பாலத்தின் அடியிலும் கழிவுநீர் நிலையத்தின் பக்கத்திலும் ஏன் இடம் கொடுத்தார்கள்? 1977-லேயே அரசு கேட்டு ஜான் கிரிப்ஸ் கொடுத்த அறிக்கை, வேறு எந்தக் குடும்பத்தையும் குடியிருக்கச் சொல்ல மாட்டாத இடங்களில் இவர்களை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியது. லண்டனில் வெஸ்ட்வே மேம்பாலத்தை ஒட்டி ஸ்டேபிள் வே என்ற இடம் இருக்கிறது, இன்றும் ஐரிஷ் டிராவலர் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. காரணம் நிலத்தின் விலை. நிலம் இருந்தால் சொல்லுங்கள் என்று கவுன்சில் அழைப்பு விடும். வீடு கட்டத் தகுந்த நிலம் வைத்திருப்பவர் அதை பில்டருக்குத்தான் தருவார், டிராவலர் இடத்துக்குத் தர மாட்டார். கடைசியில் கவுன்சிலின் கையில் மிஞ்சுவது பழைய டிப்போ, குப்பை மேட்டின் ஓரம், சாலைகளுக்கு நடுவே சிக்கிய முக்கோணத் துண்டு. பக்கத்தில் வீடே இல்லை, எதிர்க்க ஆளும் இல்லை. கவுன்சிலர்களுக்கு நிம்மதி. புதிய குடியிருப்புத் திட்டம் வரும்போதே அதன் ஒரு மூலையில் சில பிட்சுகளைச் சேர்த்துவிடுவது இதைவிட நல்ல வழி என்று நினைக்கிறேன். சாலை, சாக்கடை, நடைபாதை எல்லாம் எப்படியும் அங்கே போடத்தான் போகிறார்கள்.

நீங்கள் எழுதும் கருத்துக்கு வருகிறேன். "வீட்டு விலை குறையும்" என்று எழுதாதீர்கள், பிளானிங்கில் அதற்கு மதிப்பு இல்லை. "இந்த ஆட்கள் வந்தால் திருட்டு வரும்" என்பது போன்றவற்றைக் கவுன்சில் இனவெறுப்பு என்று ஒதுக்கிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய நம்மைப் பற்றியும் இந்த நாட்டில் ஒரு காலத்தில் இப்படித்தான் எழுதினார்கள். அந்தக் குடும்பங்களிடம் கேட்டீர்களா, எந்த இடத்தைச் சொன்னார்கள் என்று கவுன்சிலைக் கேளுங்கள். நான் பார்த்த பல கோப்புகளில் அதற்கான பக்கம் காலியாகவே இருந்தது. இடத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்: மழைக்காலத்தில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது, காலை எட்டரைக்குச் சந்தில் எப்படி நெரிசல், பொதுச் சாக்கடை அங்கே வரை வருகிறதா. அதோடு, மூன்றில் எதை ஏற்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். 'இது வேண்டாம்' என்று வரும் நூறு கடிதங்களுக்கு நடுவில் 'இது சரிப்படும், இன்ன காரணம்' என்று ஒன்று வந்தால், அதை அதிகாரி இரண்டு முறை படிப்பார்.